அசையாத கோடு

முதல் அரிவாள் விழுந்தபோது ஆக்னஸ் புஷ்பராணி சிரித்தார்.

திரையில், சுண்ணாம்புக் காளவாயின் வெண்புழுதிக்கு நடுவே ஒருவனுடைய வலக்கை முழங்கைக்குக் கீழே துண்டாகிப் பறந்தது. குருதி விசிறியடித்து வெள்ளைச் சுவரில் வழிந்தது. நாற்பத்தொரு வயதான ஆக்னஸ் அவர்களின் அறிவு அக்காட்சியை உரிய அருவருப்புடன் குறித்துக்கொண்டது. அவருடைய உடலுக்கோ அவ்வேளையில் வயது ஏழு. கால்கள் தரையை எட்டாமல் தொங்குவது போலிருந்தது. நாக்கு, என்றோ விழுந்து முளைத்துவிட்ட ஒரு பாற்பல்லின் இடைவெளியைத் தேடித் துழாவியது. அந்த ஏழு வயது உடலுக்குப் பறந்துபோன கை ஒரு பொம்மையின் கையாகவே தெரிந்தது. அது குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

அவருக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், கணினித் திரையில் பச்சைக் கோடொன்று சற்றே துள்ளிவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டது.

ஒரு திரைப்படத்தை எந்த வயதினர் பார்க்கலாம் என்பதை நான்கு பேர் கூடிப் பேசி முடிவுசெய்த காலம் மலையேறிவிட்டிருந்தது. அந்த நால்வரும் தத்தம் கட்சி, சாதி, செரிமானம் ஆகியவற்றுக்கு ஏற்பவே முடிவுசெய்கிறார்கள் என்று பல வழக்குகள் நடந்தன. இறுதியில், கிண்டியிலிருந்த வயதுச் சான்று மன்றத்தில் அந்தக் கவசம் வந்து சேர்ந்தது. தலையிலும் மார்பிலும் அணியும் அக்கருவி, அணிந்தவரின் உடலை அதே உடலின் ஏழாம் வயதுக்கோ, பதின்மூன்றுக்கோ, பதினாறுக்கோ அழைத்துச் செல்லும். அறிவு இருந்த இடத்திலேயே இருக்கும். இதயமும் தோலும் வயிறும் மட்டும் பின்னோக்கிப் போகும். அணிபவருக்கு உடற்சாட்சி என்று பெயர். ஏழு வயதில் கோடு சிவப்பு எல்லையைத் தாண்டாவிட்டால் ‘ஏழுக்கு மேல்’ என்று சான்று. தாண்டினால் பதின்மூன்றில் ஒருமுறை, அதிலும் தாண்டினால் பதினாறில் ஒருமுறை. பதினாறிலும் தாண்டிவிட்டால், பெரியவர்களுக்கு மட்டுமான ‘ஏ’.

ஒன்பது ஆண்டுகளில் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள் ஆக்னஸ் அவர்களின் உடல் வழியாக வெளியே போயிருந்தன. மன்றத்திலேயே மிக நிதானமான கோடு அவருடையது என்று பெயர்.

‘காளவாய்’ என்ற அன்றைய படத்தின் முற்பாதி முழுவதும் வெட்டும் குத்தும் நிறைந்திருந்தது. பிற்பாதியில் அடியாள் ஒருவன் வேலை முடிந்து தன் வீட்டுக்கு வருகிறான். சாவிக்கொத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைக்கிறான். அடுக்களைக்குள் நுழைகிறான். பதினொரு நிமிடக் காட்சி அது. பச்சைக் கோடு படுத்தே கிடந்தது.

விளக்குகள் எரிந்தன. மன்றத் தலைவர் அரங்கநாயகம் தடுப்புக்கு வெளியே வந்து, கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

“அருமை அம்மா! ரெண்டேகால் மணி நேரம், ஒரு இடத்துலகூட சிவப்பைத் தொடலை. ஏழு வயசுக்கு மேல யார் வேணும்னாலும் பாக்கலாம். தயாரிப்பாளர் காலையிலேர்ந்து மூணு தடவை போன் பண்ணிட்டார். பொங்கலுக்குக் குடும்பம் குடும்பமா வருவாங்க, பாருங்க. நாளைக்குள்ள கையெழுத்துப் போட்டுருங்கோ.”

தாழ்வாரத்தில் அப்படத்தின் இயக்குநர் தளவாய் நின்றுகொண்டிருந்தார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், முப்பது வயதிருக்கும். இதுதான் அவருக்கு முதல் படம்.

“மேடம், ஒரு நிமிசம். என் படத்துக்கு ஏ குடுத்துருங்க.”

ஆக்னஸ் அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தம்பி, எல்லாரும் ஒரு படி இறக்கச் சொல்லித்தான் எங்க காலைப் பிடிப்பாங்க. ஏ குடுத்தா டிவியில போட முடியாது, தெரியும்லா?”

“தெரியும் மேடம். அந்த அடுப்படி சீன்ல கோடு எப்படிப் போச்சு?”

“அதை வெளிய சொல்லக் கூடாது.”

“நான் சொல்லுதேன். அசைஞ்சிருக்காது. சரிதானா?”

தளவாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எங்கண்ணன் லாரி ஓட்டுதான். மீசையப் பாத்தே நாலு பேரு ஒதுங்குவான். போன மாசம் அவனுக்கு மட்டும் போட்டுக் காமிச்சேன். வெட்டு விழும்போதெல்லாம் ‘என்னல, தக்காளிச் சட்னியா?’ன்னு ஒரே கேலி. அடுப்படி சீன் வந்துச்சு. சத்தமே இல்ல. லைட்டப் போட்டா ஆளு அப்படியே உக்காந்திருக்கான். ‘படம் நல்லாருக்குல’ங்கான். எந்திரின்னா எந்திரிக்க மாட்டேங்கான். சீட்டு முழுக்க ஈரம், மேடம். முப்பத்தெட்டு வயசு ஆம்பள.”

“தம்பி…”

“உடம்பு கல்லு மாதிரி இருந்துச்சு. கட்டைவிரல் மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு, விரல் கணுவ எண்ணுத மாதிரி. எங்கய்யா எங்கம்மாவப் போட்டு அடிக்கும்போது அவன் அப்படித்தான் எண்ணுவான். எங்கய்யா கை ஓயுத வரைக்கும். நான் அழுவேன், கத்துவேன். அவன் எண்ணுவான். ‘மூத்தவன் தைரியசாலி’ன்னு தெருவே சொல்லும். உங்க மெஷினும் அப்படித்தான சொல்லும் மேடம்?”

ஆக்னஸ் தம் வலக்கையைக் குனிந்து பார்த்தார். கட்டைவிரல், மோதிர விரலின் நடுக்கணுவில் நின்றிருந்தது.

அன்று மாலை அறிக்கைப் படிவத்தை நிரப்பும்போது, அடுக்களைக் காட்சிக்குரிய கட்டத்தில் எழுத அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சாவிக்கொத்தின் ஒலி நினைவிருந்தது. அதன் பிறகு, எண்ணி நிறுத்திய நூற்று நாற்பத்தாறு என்ற எண் நினைவிருந்தது. இடைப்பட்ட பதினொரு நிமிடங்களில் திரையில் யார் யாரை என்ன செய்தார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளாக இதைத் தம் தொழில் ஒழுக்கம் என்றே அவர் நம்பியிருந்தார்.

மறுநாள் காலை, கருவியைப் பராமரிக்கும் பொறியாளர் நஸ்ரின் பானுவின் அறைக்குச் சென்றார்.

“நஸ்ரின், இந்தக் கோடு எதைப் பாத்து ஓடுது? எனக்குப் புரியுற மாதிரிச் சொல்லும்மா.”

“இதயத் துடிப்பு, வேர்வை, மூச்சு, தசை இறுக்கம் எல்லாத்தையும் கூட்டி ஒரு நம்பர். சாதாரணமா இருந்தா பூஜ்யம். பயந்தா மேல போகும்.”

“கீழ போனா?”

“கீழ எதுக்குப் போகுது? பூஜ்யத்துக்குக் கீழ வந்தா அது தூக்கம், இல்லாட்டி சலிப்புன்னு எடுத்துப்போம். கோடு அழகாத் தெரியணும்னு அதை வெட்டிடுவோம்.”

“நேத்து அந்த அடுப்படி சீன்ல வெட்டினதை எடுத்துக் காட்ட முடியுமா?”

நஸ்ரின் இரண்டு பொத்தான்களைத் தட்டினார். தட்டியவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். பச்சைக் கோடு சாவிக்கொத்தின் நொடியில் கிணற்றில் விழுந்த வாளியைப் போல நேராகக் கீழே போயிருந்தது. மேலேயிருந்த சிவப்பு எல்லை எவ்வளவு உயரமோ, அதைப்போல் மூன்று மடங்கு ஆழம். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு நாற்பத்தொன்று.

“அக்கா, இது என்ன? மயக்கமா?”

“மான் குட்டி புலி முன்னாடி செத்த மாதிரிக் கிடக்கும்லா, அது. அசைஞ்சா அடி நம்ம பக்கம் திரும்பும்.” ஆக்னஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்க அப்பா தூத்துக்குடி ஹார்பர்ல கிரேன் ஓட்டினாரு. வந்ததும் சாவிய ஃபிரிட்ஜ் மேல வைப்பாரு. நான் ஜன்னல் கொசுவலையில கட்டத்தை எண்ணுவேன்.”

நஸ்ரின் திரையில் அந்த ஆழத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, மிகவும் தயங்கி, “அக்கா, உங்களையெல்லாம் எப்படித் தேர்ந்தெடுத்தோம், ஞாபகம் இருக்கா?” என்றார்.

இருந்தது. ஒரு சோதனைப் படத்தைப் போட்டார்கள். கோடு குதித்தவர்களை நன்றி கூறி அனுப்பினார்கள். அசையாதவர்களை வைத்துக்கொண்டார்கள்.

அப்போது இன்னோர் உடற்சாட்சியான தேசிங்கு தேநீர்க் கோப்பையுடன் உள்ளே எட்டிப் பார்த்தார். ராயபுரத்துக்காரர். அவர் இருக்கும் இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

“இன்னா மேடம், ரெண்டு பேரும் எழவு வூட்ல குந்தினமேரி குந்திகினு கீறீங்கோ?”

“தேசிங்கு, உங்க அப்பா அடிப்பாரா?”

“அப்பா மட்டுமா? எங்க வூட்ல என்னைய அடிக்காதது நாய் ஒண்ணுதான். அதுவும் நாங்க நாய் வளக்காததால.”

“படம் பாக்கும்போது நீங்க எண்ணுவீங்களா?”

தேசிங்கின் சிரிப்பு நின்றது. கோப்பையிலிருந்த ஆடையை விரலால் ஒதுக்கினார். “எண்ண மாட்டேன். மன்சுக்குள்ள பாட்டுப் பாடுவேன்” என்றார். பிறகு, தேநீரைக் குடிக்காமலே அங்கிருந்து போய்விட்டார்.

தலைவர் அரங்கநாயகம் கெட்டவரல்லர். ஆக்னஸ் சொன்ன அனைத்தையும் அவர் பொறுமையாகக் கேட்டார். ஆழத்தில் கிடந்த கோட்டையும் பார்த்தார்.

“உங்க வேதனை எனக்குப் புரியுது அம்மா. ஆனா விதியில ‘மேல் எல்லையைத் தாண்டினால்’னுதான் இருக்கு. கீழ போறதும் பயம்னு இன்னிக்கு ஒத்துக்கிட்டா, இதுவரைக்கும் குடுத்த சான்று அத்தனையும் கேள்விக்கு வரும். ஒரு மனு குடுங்கோ. கமிட்டி போட்டுப் பரிசீலிப்போம்.”

“படம் பொங்கலுக்கு வந்துரும் சார். எண்ணுற பிள்ளைங்க தியேட்டர்லயும் அசையாமத்தான் உக்காந்திருக்கும். பக்கத்துல இருக்கிற பெத்தவங்க, ‘பயப்படவே இல்ல பாரு’ன்னு பெருமைப்படுவாங்க. நாம அடிச்ச முத்திரையை நம்பித்தான சார் கூட்டிட்டு வர்றாங்க?”

“விதி உங்களுக்கு ஒரு மறுபார்வை தருது. வேணும்னா இன்னொரு தடவை உக்காருங்கோ. கோடு மேல போனா ஏ குடுக்க எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. போகலைன்னா கையெழுத்து.”

வெளியே வந்ததும் நஸ்ரின் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். “அக்கா, ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. ஒரே படத்துக்கு ரெண்டு விதமாக் கோடு போச்சுன்னா நிதானம் போயிடுச்சுன்னு எழுதிடுவாங்க. அப்புறம் இந்த வேலை உங்களுக்கு இல்ல.”

“தெரியும்மா. விதியை எனக்கு மனப்பாடமாத் தெரியும்.”

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கவசம் அவர் தலையில் இறங்கியது. கால்கள் தரையை விட்டு எழும்பின. நாக்கு பல்லிடுக்கைக் கண்டுபிடித்தது. அரிவாள்கள் வந்தன, குடல் சரிந்தது, காளவாயில் ஒருவன் உயிரோடு வெந்தான். ஏழு வயது உடல் எப்போதும் போலக் கொட்டாவி விட்டுச் சிரித்தது.

பிறகு சாவிக்கொத்து குளிர்சாதனப் பெட்டியின் மேல் விழுந்தது.

கட்டைவிரல் சுண்டு விரலின் அடிக்கணுவுக்குத் தாவிற்று. ஆக்னஸ் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் அழுந்த அமர்ந்துகொண்டார். ஒன்று என்று உதடு தொடங்கியதும் உதட்டைக் கடித்தார். எண்ண ஒன்றும் இல்லாமற்போன அந்த நொடியில், வாழ்நாளில் முதன்முறையாக, அவர் பார்த்தார்.

கேமரா மூன்றடி உயரத்தில் நின்றிருந்தது. ஒரு குழந்தையின் கண் உயரம். அது கண் சிமிட்டவே இல்லை. அவன் அவளுடைய கூந்தலை முழங்கையில் சுற்றி இழுத்தான். மாவு அரைக்கும் கிரைண்டரின் விளிம்பில் அவள் நெற்றி மோதியது. ஒருமுறை. மறுமுறை. ஈரத் துணியைத் துவைகல்லில் அறைவது போன்ற சத்தம். பல்லொன்று தரையில் உருண்டு வந்து கேமராவுக்கு அருகில் நின்றது. அவன் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். திரும்பி வந்தான். அவள் எழுந்து உட்கார முயன்றுகொண்டிருந்தாள். அவன் அவசரப்படாமல் அவள் விரல்களின் மேல் குதிகாலை வைத்துத் திருகினான். விரல்கள் நொறுங்கும்போது அவள் கத்தவில்லை. வாசற்பக்கம், அதாவது கேமராவின் பக்கம், பார்த்துப் “போ, போயிரு” என்று வாயை மட்டும் அசைத்தாள்.

ஆக்னஸ் அவர்களின் தாயாரும் அப்படித்தான் வாயசைப்பார். அது முப்பத்து நான்கு ஆண்டுகளாக அவருக்குத் தெரியாமல் இருந்தது. அப்போதெல்லாம் அவர் கொசுவலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்பா! விட்ருப்பா! அம்மா செத்துரும்ப்பா!”

ஆக்னஸின் அந்த ஏழு வயதுக் குரல் அரங்கின் சுவர்களில் முட்டித் திரும்பியது. கண்ணாடிக்கு அப்பால் பச்சைக் கோடு சிவப்பைக் கிழித்துக்கொண்டு திரையின் மேல் விளிம்பையும் தாண்டிப் போயிற்று. நஸ்ரின் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஏழில் தாண்டிய காட்சியை மட்டும் பதின்மூன்றில் மறுபடி பார்க்க வேண்டும் என்பது விதி. அரங்கநாயகம், “இன்னிக்குப் போதும் அம்மா, நாளைக்குப் பாப்போம்” என்று கெஞ்சிப் பார்த்தார். ஆக்னஸ் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் அமர்ந்தார். பதின்மூன்று வயது உடல் கத்தவில்லை. அது நான்காவது நிமிடத்தில் வாந்தியெடுத்தது. வெறும் வயிற்றுடன் மேலும் மேலும் எடுத்தது. கோடு மீண்டும் சிவப்பைத் தாண்டியது.

பதினாறில் நடந்ததை அங்கிருந்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். கிரைண்டரில் நெற்றி மோதிய ஒலி கேட்டதும் ஆக்னஸ் எழுந்துவிட்டார். நாற்காலியின் கைப்பிடியைப் பெயர்த்தெடுத்தார். கவசத்தின் கம்பிகள் அறுந்து தொங்க, திரைக்கு ஓடி, அந்த மனிதனின் முகத்தில், தோளில், குதிகாலில் மாறி மாறி அடித்தார். திரைத்துணி கிழிந்தது. பின்னாலிருந்த இரும்புச் சட்டத்தில் பட்டு அவருடைய விரல்கள் பிளந்து குருதி சொட்டியது. தேசிங்கு ஓடி வந்து பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, “அவ்ளோதான் மேடம், அவ்ளோதான், வுடுங்கோ, அவன் செத்துட்டான்” என்று அவர் காதருகே சொல்லிக்கொண்டே இருந்தார். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

‘காளவாய்’ படத்துக்கு ஏ சான்று வழங்கப்பட்டது. தயாரிப்பாளர் தொலைபேசியில் சொன்ன சொற்களை இங்கே எழுதுவது முறையாகாது.

தளவாய் படிக்கட்டில் காத்திருந்தார். கட்டுப்போட்ட அந்தக் கையைப் பார்த்ததும், சொல்ல வைத்திருந்ததை எல்லாம் அவர் மறந்துவிட்டார் போலும். “என் படத்த முழுசாப் பாத்தது நீங்க ஒருத்தர்தான் மேடம்” என்றார்.

“உங்க அண்ணனையும் ஒரு நாளைக்கு எண்ணாமப் பாக்கச் சொல்லுங்க” என்றார் ஆக்னஸ். சற்று நின்று, “பக்கத்துல நீங்க இருங்க. தனியா வேண்டாம்” என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை பிற்பகல், அடையாள அட்டையை ஒப்படைப்பதற்காக அவர் மன்றத்துக்கு மீண்டும் வந்தார். கீழெல்லை குறித்த அவருடைய மனு பதிவுசெய்யப்பட்டிருந்தது. அதற்கு ஓர் எண்ணும் தந்திருந்தார்கள். அலுவலக அறையில் ஆளில்லை. எல்லோரும் சோதனை அரங்கில் இருப்பதாகக் காவலாளி தெரிவித்தார்.

தடுப்புக்குப் பின்னால் அரங்கநாயகம் நின்றிருந்தார். ஆக்னஸைக் கண்டதும் சங்கடத்துடன் வணக்கம் சொன்னார். ஆயினும் மகிழ்ச்சியை அவரால் மறைக்க முடியவில்லை.

“வாங்கோ அம்மா. உங்க இடத்துக்கு எட்டு பேர் வந்தாங்க. ஏழு பேரும் குதிச்சுட்டாங்க. இந்தப் பொண்ணைப் பாருங்கோ, தில்லைக்கரசின்னு பேரு, இருபத்திமூணு வயசுதான். சோதனைப் படத்துல பிரம்படி சீன் ஓடி முடிஞ்சுது. கோடு தங்கமா இருக்கு! உங்களுக்கு அப்புறம் இப்படி ஒரு நிதானத்தை நான் பாக்கவே இல்லை.”

நஸ்ரின் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய தோள்கள் மட்டும் குறுகியிருந்தன.

ஆக்னஸ் கண்ணாடி வழியே பார்த்தார். கவசம் அணிந்த அந்தப் பெண் நேராக அமர்ந்திருந்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மடியில் கிடந்த வலக்கையில் கட்டைவிரல் மட்டும், ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்கு நகர்ந்து, நகர்ந்து, நின்றது.

யாரிடமும் அனுமதி கேளாமல் ஆக்னஸ் உள்ளே சென்றார். கவசத்தைக் கழற்ற உதவினார். பக்கத்து இருக்கையில் அமர்ந்து, கட்டுப்போட்ட தம் கையை அவளுடைய கையின் மேல் வைத்தார்.

“எது வரைக்கும் எண்ணினம்மா?”

அவள் திடுக்கிட்டு விரல்களை மூடிக்கொண்டாள். கதவைப் பார்த்தாள், கண்ணாடிக்குப் பின்னால் புன்னகையுடன் நின்றிருந்த தலைவரைப் பார்த்தாள், பிறகு ஆக்னஸின் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள்.

“எழுபத்தொண்ணு” என்றாள். பிறகு, யாரையோ காட்டிக்கொடுக்காமல் இருக்க முயல்பவளைப் போல, இன்னும் மெதுவாகச் சொன்னாள்:

“இன்னிக்குச் சீக்கிரமே முடிஞ்சிருச்சு.”